தும்பிக்கை எழுத்தும் இரண்டு மலையும்

கம்ப்யூட்டர் தப்பு செய்தால் மன்னித்துவிடலாம். அதைத் திருத்துகிறேன் என்று கிளம்புகிற மனிதனைத்தான் மன்னிக்கவே கூடாது. அந்த மனிதன் நான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்கேனர் வாங்கி நைனார்பாளையம் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, பழைய கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகங்களைக் காப்பாற்ற ஆண்டவர் என்னைத்தான் அனுப்பியிருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். (சாப்பாட்டு மேஜையை ஸ்கேனர் பிடித்துக்கொண்டதால் வீட்டில் எல்லோரும் தரையில் சாப்பிட்டோம்.)

எங்கள் சபையில் பாட்டு நடத்துகிறவர் ஸ்டெல்லா அத்தை. (உறவில்லை, ஊருக்கே அத்தை.) மஞ்சள் பையிலிருந்து மெலிந்த கீர்த்தனைப் புத்தகம் ஒன்றை எடுத்தார்.

"இது ஒண்ணுதாம்பா மிச்சம். இதுல எங்கப்பா எழுதின பாட்டு ஒண்ணு கீது. அறுப்பின் பண்டிகைக்கு சபை மொத்தமும் அதப் பாடணும். பக்கம் கிழிஞ்சிது, உன்ன சும்மா வுட மாட்டேன்."

கிழியவில்லை. தாள் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்கேன் செய்தேன். வினை அதற்கப்புறம்தான். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கிற மென்பொருளுக்குப் பழைய அச்சின் 'ளை' சில இடங்களில் பிடிபடவில்லை. (அந்தக் காலத்தில் அதற்கு யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி உண்டு.) சுழியைக் கேள்விக்குறி என்றும் மிச்சத்தை 'லை' என்றும் அது படித்ததில், அத்தையின் அப்பா எழுதிய முதல் வரி, 'இரு'வும் ஒரு கேள்விக்குறியும் 'லை நீக்கிடும் ஐயனே'வுமாக வந்து நின்றது.

புத்தகத்தைப் பார்த்திருக்கலாம். கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். தூரத்தில் கல்வராயன் மலை. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன்... இரு மலை! மலையையே பெயர்க்கிற விசுவாசம்! எனக்குப் புல்லரித்துவிட்டது. 'ம'வைப் போட்டேன். இடைவெளி விட மறந்தேன்.

பண்டிகையன்று கோயில் நிறைய கூட்டம். பீடத்துக்கு முன்னால் நெல்லும் கரும்பும் பூசணியும். பாட்டு யாருக்கும் தெரியாததால் புரொஜெக்டர் காட்டியதைச் சுவரில் படித்தே பாடினார்கள்:

இருமலை நீக்கிடும் ஐயனே
இளைப்பை ஆற்றிடும் மெய்யனே

பின்வரிசையில் ஒரு பெரியவர் சரியாக அந்த நேரம் பார்த்து இருமினார். ஆர்மோனியம் நின்றது. பாஸ்டர் வேதாகமத்தால் முகத்தை மூடிக்கொண்டார். அதுவரை கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்த அத்தை கண்ணைத் திறந்து சுவரைப் படித்தார்.

"இருளைன்னு எழுதினாருடா எங்கப்பா! நீ இன்னா, இருமல் மருந்து விக்கிறியா?"

"இல்லீங்க அத்தை, அது ரெண்டு மலைங்க... பெரிய கல்வராயன், சின்ன..."

பக்கத்திலிருந்த மைக் ஆனில் இருந்தது. கோயிலே சிரிப்பில் அதிர்ந்தது. பூமி பிளந்தால் முதல் ஆளாகக் குதிக்கத் தயாராக நின்றேன்.

அத்தை என்னை முறைத்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். வெடித்துச் சிரித்தார்.

"எங்கப்பா ஆஸ்துமாக்காரருப்பா. கடைசி வரைக்கும் இருமிக்கினேதான் பாடினாரு. இதக் கேட்டிருந்தா அவர்தான் மொதல்ல சிரிச்சிருப்பாரு. இன்னிக்கி இப்பிடியே பாடுங்க!"

பாடினார்கள். கூரை கிளம்பிவிடும் போல, எல்லாச் சரணங்களையும்.

உடனே திருத்திக் கொடுத்துவிட்டேன். இப்போது 'இருளை' என்றுதான் பாடுகிறோம். ஆனால் முதல் வரி முடிந்ததும் சபை மொத்தமும் தாளம் தப்பாமல் ஒருமுறை இருமும். சமீபத்தில் மாற்றலாகி வந்த புது பாஸ்டர் அதைக் கேட்டு அரண்டு, "ஊர்ல ஏதாச்சும் காய்ச்சலாங்க?" என்றார்.

அத்தை என்னைக் கைகாட்டினார். "அதெல்லாம் இல்லீங்க ஐயா. பாட்டு பூரா எங்கப்பா எழுதினது. அந்த இருமல் மட்டும் இந்தத் தம்பி எழுதினதுங்க."