நாற்பத்தொரு நிமிட அனுமதிப்பத்திரம்

அரசாங்கச் சொத்தில் நான் கை வைத்தது ஒரே ஒரு தடவைதான். அது ஒன்பது பேர் நெருங்கி உட்காரக்கூடிய ஒரு நீள மர வாங்கு. களவாக அல்ல, பட்டப்பகலில், கையில் நிறுத்தற் கடிகாரத்துடன், நாட்டை முன்னேற்றுவதற்காக எடுத்தேன்.

போருக்கு நடுவே சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்தக் கொஞ்ச வருடங்களில், தீவுப்பகுதி அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எனக்கு வேலை. இருபத்தாறு வயது. கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள் (வேறு யாரும் போக மறுத்துவிட்டதை நான் பிறகுதான் அறிந்தேன்). அலுவலக வேலையில் கொழுப்பைக் குறைத்து மெலியவைப்பது எப்படி என்பதுதான் பாடம். உலகில் ஏழு வகை வீண் இருக்கிறதாம், அதில் பெரிய வீண் காத்திருப்பதாம். கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தீவுக்குத் திரும்பும் வழி முழுவதும் பஸ்ஸையும் படகையும் சோதனைச்சாவடிகளையும் வீண், வீண், வீண் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

எங்கள் கந்தோரில் மிகவும் இழுபடும் அலுவல் வள்ளங்களின் அனுமதிப்பத்திரத்தைத் திருத்துவது. காற்று மாறும்போது மீனவர்கள் கரை மாறுவார்கள். இறங்குதுறை மாறினால் பத்திரத்தையும் திருத்த வேண்டும். வள்ளம், எஞ்சின் இலக்கம், ஓட்டுபவர் பெயர் எல்லாம் புதிதாக எழுதப்பட வேண்டும். ஏழு மேசை, பதினேழு நாள்.

நான் சுவர் நீளத்துக்குப் பிறவுண் பேப்பர் ஒட்டி, ஒவ்வொரு படியையும் மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதினேன். (கடற்காற்று முதல் நாளே பாதியைக் கொண்டுபோய்விட்டது. அந்த அளவில் செயல்முறை உடனடியாகவே மெலிந்தது.) விறாந்தை வாங்கில் சனம் இருந்து கதைக்கும் நேரத்தை அளந்தேன். மூன்று மணி இருபது நிமிடம். அதற்கு நேரே சிவப்பில் "வீண்" என்று எழுதி, வாங்கிலும் ஒரு சிவப்புத் துண்டை ஒட்டினேன்.

பிரதம லிகிதர் நேசம் அக்கா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"தம்பி, அந்த வாங்கை எடுக்காதையும்."

"ஏன் அக்கா?"

"எனக்குச் சொல்லத் தெரியேல்லை. எடுக்காதையும்."

சொல்லத் தெரியாதது தரவு ஆகாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வாங்கு களஞ்சிய அறைக்குப் போனது. இனிமேல் படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வரவேண்டும், ஒரு ஜன்னலில் கொடுத்து மற்ற ஜன்னலில் வாங்க வேண்டும், இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மேலிடத்திலிருந்து மூன்று பேர் மதிப்பிட வந்த அன்று முதலாவதாக நின்றவர் மெற்றில்டா அக்கா. கணவருக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்ததால் வள்ளம் மூன்று கிழமையாகக் கரையில் கிடந்தது. பத்திரத்தில் அக்காவின் தம்பியாரின் பெயரைப் போட்டால்தான் அது கடலில் இறங்கும். வீட்டில் மூன்று பிள்ளைகள், படுக்கையில் ஓர் ஆள். நான் கடிகாரத்தை அமுக்கினேன். நாற்பத்தொரு நிமிடம்! மதிப்பீட்டாளர்கள் கைதட்டினார்கள். மெற்றில்டா அக்கா பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முடிஞ்சுதோ? ஒருத்தரோடயும் கதைக்காமல் முடிஞ்சுதோ?"

"ஓம் அக்கா. அதுதான் முன்னேற்றம்."

அந்தக் கிழமை முப்பத்தொரு பத்திரம் கொடுத்தேன். எல்லோரும் புதிய துறையிலிருந்து தொழில் தொடங்கும் நாளன்று முப்பத்தொரு வள்ளத்தையும் கடற்படையின் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்திரத்தில் ஓர் இலக்கம், வள்ளத்தில் பூட்டியிருந்த எஞ்சினில் வேறோர் இலக்கம். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

எட்டு மணிக்குக் கரை முழுவதும் கந்தோர் வாசலில் நின்றது.

மெற்றில்டா அக்காதான் முன்னுக்கு வந்தார். "தம்பி, எங்கட வாங்கு எங்க?"

"அக்கா, நீங்கள் இனிக் காத்திருக்கத் தேவையில்லையெண்டுதான்..."

"நாங்கள் எப்பவடா தம்பி காத்திருந்தனாங்கள்? நாங்கள் அதில இருந்து அலுவல் பாத்தனாங்கள்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கரையில் எஞ்சின் ஓர் ஆளுக்குச் சொந்தம், ஓடுவது இன்னோர் ஆளின் வள்ளத்தில். ஒருவருடையது பழுதானால் சும்மா கிடக்கும் வள்ளத்திலிருந்து கழற்றிப் பூட்டுவார்கள், அவருக்குத் தேவை வரும்போது வேறொருவர் கொடுப்பார். பருவம் மாறும்போது எது எங்கே நிற்கிறது என்று வாங்கில் இருந்து பேசித் தீர்த்து, அதற்குப் பிறகுதான் படிவத்தை நிரப்புவார்கள். நானோ வீட்டில் நிரப்பச் சொன்னேன். எல்லோரும் தங்கள் எஞ்சின் வாங்கிய சிட்டையைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து, அதிலிருந்த இலக்கத்தை அச்சுப் பிசகாமல் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நானும் பியோன் செல்லையா அண்ணையும் வாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தோம். ("இது போகேக்க பாரமில்லை, தம்பி" என்றார் அவர்.) ஒன்பது பேர் இருந்தார்கள், மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். மெற்றில்டா அக்கா நடுவில் இருந்தார்.

"என்ர எஞ்சின் சவரியின்ர வள்ளத்தில. சவரியின்ர திருத்தக் குடுத்தது, திரும்பி வந்து யேசுதாசனிட்ட நிக்குது. யேசுதாசன்ர என்னட்டக் கிடக்கு. நாங்கள் மூண்டு பேரும் சரி. அடுத்தது?"

அடுத்தது, அடுத்தது என்று சங்கிலி நீண்டது. கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. எஞ்சினில் பொறித்த எட்டு இலக்கத்தில் கடைசி நான்கைக் கேட்டதும், அது யார் வீட்டு எஞ்சின், எந்த மாதம் கை மாறியது என்று பதில் வந்தது. இரண்டு வருடமாகப் பேசாத இரண்டு மைத்துனர்மார் இருந்தார்கள். ஒருவர் எஞ்சின் மற்றவர் வள்ளத்தில். (சண்டை வேறு, எஞ்சின் வேறு.) தங்களுக்கு நடுவிலிருந்த ஒருவரைப் பார்த்தே இருவரும் இலக்கத்தைச் சொன்னார்கள். அவரும் சலிக்காமல் இரண்டு பக்கமும் கடத்தினார்.

நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்து, வாய் திறந்தபடி நின்றேன். கொழும்பில் படம் போட்டு விளக்கிய அத்தனையும் என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. சரிபார்ப்பது, சாட்சி சொல்வது, பிணக்குத் தீர்ப்பது எல்லாம் முதலாவது மேசைக்கு வருவதற்கு முன்பே, சம்பளம் வாங்காத மனிதர்களால் முடிக்கப்பட்டிருந்தன. எங்கள் ஏழு மேசையும் அவர்கள் முடித்த வேலைக்குப் பதினேழு நாள் முத்திரை குத்திக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய விஷயத்தைத்தான் நான் சிவப்பு மையால் ஒரு சொல்லில் எழுதி முடித்திருந்தேன். வெட்கத்தை விட அதிசயம்தான் எனக்கு அன்று பெரிதாக இருந்தது. அப்படியொரு பிரமிப்பு அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் எனக்கு வரவில்லை.

நேசம் அக்கா ஏழு மேசையையும் ஒரு மேசையாக்கி, பொழுதுபடுவதற்குள் முப்பத்தொன்றையும் திருத்தினார். அடுத்த நாள் விடியப் பயந்து பயந்து நானும் துறைக்குப் போனேன். மெற்றில்டா அக்காவின் தம்பி பத்திரத்தை நீட்ட, காவலுக்கு நின்ற கடற்படைச் சிப்பாய் குனிந்து எஞ்சினைப் பார்த்து, கையை அசைத்தார். வள்ளம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. மெற்றில்டா அக்கா கடலையே பார்த்தபடி, "இனியாவது ஒண்டை எடுக்க முந்தி, அதில இருக்கிறவையிட்டக் கேளும்" என்றார்.

மூன்று மாதம் கழித்து மேலிடத்திலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது. நாற்பத்தொரு நிமிடத்துக்காக! திருப்பி அனுப்ப நினைத்தேன், அம்மா விடவில்லை, வரவேற்பறைச் சுவரில் கொழுவிவிட்டார். என் கலியாணத்துக்குப் பலகாரத்தோடு வந்த மெற்றில்டா அக்காவிடம் புதுப்பெண், "இது இவருக்கு என்னத்துக்கு அக்கா குடுத்தவை?" என்று பெருமையோடு கேட்டாள்.

"அதோ பிள்ளை? சண்டைக் காலத்தில நேவி கடலை மூடின நாளிலயும் ஒண்டு ரெண்டு வள்ளம் களவாய்ப் போயிடும். இவர் தனி ஆளாய் மறிச்ச அண்டைக்கு ஒண்டும் போகேல்லை. அதுக்குத்தான்."

என் மனைவி அந்த விளக்கத்தை மாற்றவே இல்லை. வீட்டுக்கு யார் வந்து சுவரைப் பார்த்தாலும், தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறாள்.