கண்ண மூடு டாக்டர்

பேசியே ஓர் ஊரைத் தூங்க வைக்கக்கூடிய மனிதர் என் வாழ்நாளில் ஒருவர்தான். அரசியல் கூட்டங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நெல் மண்டி மாடியில் அறை பிடித்து, வியாழக்கிழமைதோறும் செங்கல்பட்டிலிருந்து வந்து போவார். மனநல நிபுணர். மனச்சோர்வுக்கு ஹிப்னாடிச சிகிச்சை. எங்களுக்கு அவர் 'கண்ண மூடு' டாக்டர்.

அவருக்கு எப்போதும் ஒரே குரல்தான். "ஒரு... டீ..." என்று கேட்டு முடிப்பதற்குள் டீ மாஸ்டர் கொட்டாவி விடுவார். ஒருமுறை தனக்குச் சவரம் செய்துகொண்டிருந்த சலூன்காரருக்குத் தோள் இறுகியிருக்கிறதே என்று மனமிரங்கி, "தோள... தளர விடுங்க..." என்று ஆரம்பித்துவிட்டார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் பாதி மீசையோடு பஸ் ஏறினார்.

ஊருக்கு அவர்மேல் இருந்த மனத்தாங்கல் ஒன்றுதான். "ஊசி போடாத டாக்டரு இன்னா டாக்டரு?"

அவரிடம்தான் மானாம்பதியில் கட்டிக்கொடுத்த என் அக்காவை அழைத்துப் போனேன். பிறந்த குழந்தை தங்கவில்லை. அதன்பிறகு அக்கா சோற்றைத் தொடவில்லை, யாரிடமும் பேசவில்லை, சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். கண் கலங்கினாலே "அழாத, அழாத" என்று ஆளாளுக்கு அடக்கினோம். இவளும் போய்விடுவாளோ என்று எனக்கு ஒரே பயம்.

சில வாரங்கள் டாக்டர் பேசினார், அக்கா கேட்டாள், துணைக்குப் போன நான் தூங்கினேன். பிறகு ஒருநாள் அம்மாவும் அக்கா வீட்டுக்காரரான மாமாவும் கூட வந்தார்கள். "கண்ண... மூடும்மா..." என்றார் டாக்டர். அக்காவின் தலை மெல்ல ஆடியது, உதடு துடித்தது. எங்கள் பக்கத்தில் கண்ணை மூடிய பெண் தலையாட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோயிலுக்கென்று மடியில் வைத்திருந்த கற்பூரத்தை மாமா ஏற்றிவிட்டார்.

"தாயே, வந்துட்டியா! இந்த வருசம் ஏரி ரொம்புமா?"

"சார், இது சாமி இல்ல, சிகிச்சை! நெருப்ப அணைங்க சார்!" டாக்டரின் குரல் முதல்முறையாக வேகமெடுத்தது.

"கம்முனு இருங்க டாக்டரே, அம்மன் பேசப் போவுது!" என்று அம்மா அதட்டினாள்.

சத்தம் கேட்டு மூட்டை தூக்குகிறவர்கள் மண்டியிலிருந்து மேலே ஓடி வந்தார்கள். "நெல்லு வெல ஏறுமான்னு கேளுங்க!"

அக்கா வாய் திறந்தாள். "இந்தப் பொண்ண இனிமே யாரும் அழாதன்னு சொல்லக் கூடாது. அவள அழ வுடுங்கடா!"

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உத்தரவு தாயே." அக்கா ஓவென்று அழுதாள். நாங்களும் அழுதோம். நெல் விலை கேட்டவர்கூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

படியில் டாக்டரைப் பிடித்தேன். "நெசமாவே அம்மனா டாக்டர்?"

"ஹிப்னாசிஸ்ல நினைவு தப்பாது தம்பி. பேசினது உங்க அக்காதான்."

"மாமாகிட்ட சொல்லலியே?"

"அக்காவுக்கு எப்ப வேணுமோ... அப்ப... அவங்களே சொல்லட்டும்."

வியாழக்கிழமைகள் தொடர்ந்தன. அக்கா அழுதாள், கொஞ்சம் சாப்பிட்டாள், கோழிக்குத் தீனி போட்டாள். ஒருநாள் மாமாவை, "இன்னாய்யா இது, கொழம்புல உப்பே இல்ல!" என்று விரட்டினாள். எனக்குக் கோயில் மணி கேட்ட மாதிரி இருந்தது.

டாக்டர் குடும்பத்தோடு வடக்கே போகிறார் என்று அறையைக் காலி செய்த அன்று, பஸ் ஜன்னல் வழியாக அக்கா முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். பிறகு அவர் குரலிலேயே, "கண்ண... மூடுங்க டாக்டர்... தோள... தளர வுடுங்க..." என்றாள். அவரும் சமர்த்தாக மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

எங்களில் ஒருவரும் அவரை அழாதீங்க என்று சொல்லவில்லை.