சிவப்பு ஒட்டினால் ரிஜெக்ட்டா, பாஸா?

வீரபாண்டி, திருப்பூர்
பெரிய வியாழன் இரவு

பாசமுள்ள ரோஸ்லின் சித்திக்கு,

ஜெபக்கனி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நான்கு பேரும் சுகம். விடியும்வரை அப்படியே இருந்தால் இதைத் தபாலில் போடுவேன். போர்வைக்குள் அம்மாவின் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்துக் கோணலை மன்னிக்கவும்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் தங்கை, உங்கள் செல்ல எப்சிபாதான். எங்கள் சபைக்குப் பொங்கலூரிலிருந்து இளங்குமரன் பிரதர் வந்திருக்கிறார். இந்த வருஷம் யூதர்களைப் போல, அவர்கள் எகிப்திலிருந்து விடுதலையான இரவை நினைக்கும் பஸ்கா விருந்து வைக்கலாம் என்றார். எகிப்தில் அடிமையாக இருந்தது எங்கள் முன்னோர் என்று யூதர்கள் சொல்லமாட்டார்களாம், 'நாங்கள்' என்றே சொல்வார்களாம். நமக்கு இயேசுவே பஸ்கா ஆட்டுக்குட்டி, அதனால் அப்பமும் திராட்சரசமும் போதும். இயேசுவை மேசியாவாக ஏற்ற யூதர்களோ பஸ்காவையும் இதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். புளிக்காத அப்பம் மூன்றில் நடு அப்பத்தைப் பிட்டுத் துணியில் சுற்றி ஒளித்துவைத்து, பிறகு கண்டெடுப்பது, இயேசு அடக்கமாகி எழுந்ததற்கு அடையாளமாம். எங்களுக்கு அப்பம் சப்பாத்தி, கசப்புக்கீரைக்குப் பாகற்காய். அதெல்லாம் சரி சித்தி, 'இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?' என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்க வேண்டும். அதை ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பழகியது நான். கடைசியில் பிரதர், "இருக்கறதுலயே சின்னப் புள்ளதான் கேக்கோணுங்க" என்றுவிட்டார். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத எப்சிபா, நான் பழகியதைக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள்! அவளுக்குப் புது ரோஸ் கவுன் வேறு.

எகிப்தில் வாசல்நிலையில் பூசிய ஆட்டு ரத்தத்துக்கு அடையாளமாக, வாசலில் சிவப்பாக ஏதாவது வைக்கவும் பிரதர் சொல்லியிருந்தார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் அல்லவா? ஓட்டை, கறை இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை நிலையில் ஒட்டியிருந்தாள். அது ஒட்டிய பீஸ் ரிஜெக்ட். கிளம்பும்போது நான் அதை உரித்து எப்சிபாவின் முதுகில் ஒட்டிவிட்டேன்.

அவள் கேள்வி கேட்க எழுந்ததும் சபைக்கு வந்திருந்த பனியன் கம்பெனித் தையல் அக்காமார் எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏட்டி, எவ அது, எம் பிள்ளைய ரிஜெக்ட் பண்ணது?" என்று அம்மா எழுந்தாள்.

பிரதர் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க செக்கிங்குலதானுங்க செவப்புன்னா ரிஜெக்ட்டு. எகிப்துல செவப்பு இருந்த ஊட்டச் சங்காரத் தூதன் தொடாமத் தாண்டிப் போயிட்டானுங்க. பஸ்கான்னாலே தாண்டிப் போறதுதானுங்க. இந்தக் கண்ணு பாஸ்! செவப்பு இல்லாத ஊட்டுல மூத்த புள்ள..." என்று இழுத்துவிட்டுச் சப்பாத்தியைப் பிட்டார்.

சித்தி, எங்கள் வீட்டில் மூத்த பிள்ளை நான்.

நிலையில் இப்போது பசை மட்டும்தான் இருக்கிறது. சிவப்புப் பேனாவால் கீறினேன், பெயின்ட்டில் மை பிடிக்கவில்லை. 'பாஸ்' என்று சொன்னதால் எப்சிபா கவுனையும் கழற்றாமல், ஸ்டிக்கர்மேல் மல்லாந்து கிடக்கிறாள். அப்பாவுக்கு அண்ணன் உண்டு, அம்மாவுக்கு அக்கா உண்டு. இருவரும் மூத்த பிள்ளைகள் இல்லை, நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்கள். சாயப்பட்டறை வண்டி தெருவில் நின்றாலும் எனக்குத் தூதனாகத் தோன்றுகிறது. ஒட்டியது நான் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்கு ஏதாவது ஆனால் என் ஜாமெட்ரி பாக்ஸ் உங்கள் மகனுக்கு. எப்சிபாவுக்கு அழிரப்பர்கூடக் கூடாது.

சித்தப்பாவுக்கு ஸ்தோத்திரம். கடிதம் வருமுன்பே எனக்காக ஜெபித்துவிடவும்.

இதுவரை உயிரோடிருக்கும்,
ஜெபக்கனி

பி.கு.: நெற்றியில் ஏதோ பட்டது. தூதன்தான் என்று அலறப் போனேன். எப்சிபா! முதுகிலிருந்து உரித்து என் நெற்றியில் ஒட்டியிருக்கிறாள். "நீதானக்கா மூத்தவ, ஒனக்குத்தான் வேணும்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். ஜாமெட்ரி பாக்ஸ் அவளுக்கே. ஆனாலும் சித்தி, நல்ல பிள்ளையாக இருப்பதிலும் அவளேதான் முந்த வேண்டுமா?