உட்கார முடியாத புதன்கிழமை

இதை எனக்கு முதலில் சொன்னவங்க, அக்கா முறை ஆகிற கமருன்னிஸா லாத்தாதான். எண்பதாம் வருஷம், நாகூர் கந்தூரிக்குப் போன பஸ்ஸில். முன்சீட்டில் அவங்க வீட்டுக்காரர் ஜெகபர் அலி மச்சான் இருந்ததால், முக்காட்டை என் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாங்க. நடந்தது அதுக்கு ஏழெட்டு வருஷம் முந்தி. கூலித் தகராறில் ஊர் ரெண்டாகக் கிடந்த நேரம்.

பாபநாசத்துப் பக்கம் குறுவை விளைந்து நிற்கிறது. அறுக்க ஆள் இறங்கவில்லை. அறுப்புக்கூலி கலத்துக்கு அரை லிட்டர் நெல் கூடக் கொடுத்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்கள். நிலக்காரர்கள் முடியாது என்றார்கள். புதன்கிழமை தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை.

நிலக்காரர்கள் சார்பில் பேச ஜெகபர் அலி மச்சானைத்தான் அனுப்புவார்கள். அவருக்குப் பெரிய பேச்செல்லாம் வராது. உட்காருவார். அதுதான் அவர் வித்தை. போன வருஷம் காலையில் உட்கார்ந்தவர் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. எதிர்ப்பக்கம் மாடு கறக்கணுமே, பிள்ளைக்குப் பசிக்குமே என்று ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். கடைசியில் தாசில்தாருக்கே பசி வந்து, மச்சான் சொன்னதை முடிவாக எழுதிவிட்டார்.

"அரை லிட்டர்தானேங்க, கொடுத்துடுங்களேன்" என்றாங்க லாத்தா. "எங்கத்தா எனக்குச் சீதனமாக் கொடுத்த ஆறு மா நெலமும் சாஞ்சு கெடக்கு. நேத்தே தூறிடுச்சு. இன்னொரு மழை பேஞ்சா கதிர்லயே மொளை விட்டுடும்."

"ஒரு மணி நெல் கூட மாட்டேன். புதன்கிழமை போய் உட்காருறேன். நான் உட்கார்ந்தா என்ன ஆவும்னு உனக்குத் தெரியும்."

அல்லா கேட்டுக்கொண்டிருந்திருப்பான் போல. சனிக்கிழமை காலையில் மச்சானால் உட்கார முடியவில்லை. உட்காருகிற இடத்திலேயே ஒரு கட்டி.

மனுஷன் இடிந்து போனார். நின்றுகொண்டே பசியாறினார். பள்ளிவாசலுக்குக்கூடப் போகவில்லை. தொழுகையில் உட்காருகிற இருப்பு வருமே! விஷயம் வெளியே தெரிந்தால் பேச்சுவார்த்தை அன்றைக்கே முடிந்தது. எதிர்ப்பக்கம் பேசவே வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவர் காதர் மைதீன். முறையாகப் படித்தவர். சின்ன நோவு என்றால் நாலு கேள்வி கேட்டு அவரே மருந்து கொடுப்பார். பெரிசு என்று பட்டால் ஒரு மாத்திரை தரமாட்டார், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். எங்கள் ஊரில் பொம்பளைகள் கடைக்குப் போவதில்லை. வீட்டு ஆம்பளை போய்ச் சொல்லி மருந்து வாங்கி வருவதுதான் வழக்கம். மச்சான் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன நானா, உடம்புக்கு?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன். வீட்டுலதான். ஒரு கட்டி."

"எங்க?"

"உட்காருற எடத்துல."

"காய்ச்சல் உண்டா? தாகம் ரொம்ப எடுக்குதா?"

"அதெல்லாம் இல்ல. நேத்து மொளகு மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு எலந்தப்பழம்."

"வலி குத்துதா, இழுக்குதா?"

"ரெண்டுந்தான்! உசுரு போவுது காதரு!"

காதர் மைதீன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாருக்கு?"

"அவளுக்குத்தான். அவ சொன்னத அப்படியே சொன்னேன்."

"சரி, ஏன் நிக்கிறீங்க? ஸ்டூல்ல உட்காருங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும். மருந்தக் கொடு."

"பார்க்காம எப்படிக் கொடுக்குறது? என் கைக்கு அடங்குற கட்டியா, கத்தி வைக்கிற கட்டியான்னு பார்த்தாத்தானே தெரியும்? பொம்பளைங்கள நான் பார்க்குறதில்ல. எங்க வீட்டுல ஹபீபுன்னிசா போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுவா. அதுதான் நம்ம கடை வழக்கம்."

"வேணாம் வேணாம்! அவளுக்குத் தானா சரியாயிடும்."

"இப்பத்தானே உசுரு போவுதுன்னீங்க?"

மச்சான் வீட்டுக்கு ஓடப் பார்த்தார். ஓட முடிகிற நிலைமையா அது! காலை அகட்டி அகட்டி நடந்து வந்து சேருவதற்குள் ஹபீபுன்னிசா குறுக்குச் சந்தில் வந்து லாத்தா முன்னால் நிற்கிறாங்க.

"என்ன லாத்தா, ரொம்ப வலியாமே? கட்டியாமே?"

"எனக்கா?"

லாத்தா வாசல் பக்கம் பார்த்தாங்க. ஹபீபுன்னிசாவின் முதுகுக்குப் பின்னால் மச்சான் ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கை லாத்தா முன்னால் அப்படிக் கூப்பியதே இல்லை.

"ஆமாம்மா" என்றாங்க லாத்தா. "எனக்குத்தான். பொறுக்க முடியல. உள்ளே வா, காட்டுறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டு பேரும் என்ன பேசினார்களோ, வெளியே இருமல் சத்தம்தான் கேட்டது. சிரிப்பை அப்படித்தான் அடக்கினோம் என்று லாத்தா பஸ்ஸில் சொன்னாங்க. ஹபீபுன்னிசா சொன்ன அடையாளங்களை வைத்து லாத்தா மச்சானைக் குப்புறப் படுக்கச் சொல்லிப் பார்த்து, நிறம், அளவு எல்லாவற்றையும் சொல்லியனுப்ப, சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் மருந்து வந்துவிட்டது. கறுப்புக் களிம்பு ஒரு டப்பி. கத்தி வேண்டாம், இதுவே போதும் என்று லாத்தாவிடம் சொல்லியனுப்பியிருந்தார் காதர் மைதீன். போட ஆரம்பித்தால் மூணாம் நாள் பழுத்து உடையும். உடைகிறதுக்கு முன்னால் வலி உச்சிக்குப் போகும், பயப்பட வேண்டாம்.

லாத்தா விரல் விட்டு எண்ணினாங்க. இன்றைக்கே போட்டால் திங்கட்கிழமை உடைந்துவிடும். செவ்வாய்க்கிழமை சுகம். புதன்கிழமை இவர் போய் உட்காருவார். உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். வயலில் நெல் முளைக்கும்.

"எப்ப போடணுமாம்?" என்றார் மச்சான்.

"திங்கக்கிழமையிலேர்ந்து. அதுவரைக்கும் வெந்நீர் ஒத்தடம்."

"ரெண்டு நாள் நான் என்ன பண்ணுறது?"

"சோறாக்குங்க. எனக்குக் கட்டின்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. அடுப்புக்கு முன்னால நான் உட்கார்ந்தா யாரு நம்புவா?"

மச்சான் சோறாக்கினார். ஊதாங்குழலை ஊதக் குனிந்தால் ஒரு வலி, நிமிர்ந்தால் ஒரு வலி. விசாரிக்க வந்த பொம்பளைகளெல்லாம், "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும்!" என்று லாத்தாவிடம் சொல்லிக் கண் கலங்கினார்கள். அடுப்படியில் மச்சானும் கண் கலங்கினார். புகையென்று நினைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை களிம்பு போட்டது. செவ்வாய்க்கிழமை இலந்தப்பழம் எலுமிச்சம்பழம் ஆனது. "யா ரப்பே, என்னை எடுத்துக்கோ" என்று சுவரில் சாய்ந்து அழுதார். புதன்கிழமை காலையில், "நான் போகல" என்றார்.

"போகலன்னா ஏன்னு கேப்பாங்களே?"

போனார். பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்.

தாலுகா ஆபீஸில் எதிரெதிராக ரெண்டு பெஞ்சு. ஆட்கள் பக்கம் நல்லக்கண்ணுவும் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். போன தடவை பட்டது போதும் என்று கட்டுச்சோறு வேறு கொண்டுவந்திருந்தார்கள்.

"உட்காருங்க முதலாளி" என்றார் நல்லக்கண்ணு.

"பரவாயில்ல. நின்னே பேசுறேன்."

"அது எப்படிங்க? எங்கப்பா காலத்துல நீங்க உட்கார்ந்திருப்பீங்க, நாங்க நிப்போம். இப்ப நாங்க உட்கார்ந்துட்டு உங்கள நிக்க வச்சோம்னு பேர் வரணுமா? நமக்கு அது வேணாம். சமமா உட்கார்ந்து பேசுவோம்."

"நான் நிக்கிறதுல உனக்கு என்ன நட்டம்?"

நிலக்காரர்கள் பக்கத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. 'இந்த ஆளு எதுக்கு அவனுங்க முன்னாடி கைகட்டி நிக்கிறாரு?' தாசில்தாருக்குக் கோபம். மரியாதைக்குக் குறைச்சல் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து வந்து மச்சான் தோளில் கையை வைத்து, "முதல்ல உட்காருங்க பாய்" என்று ஒரு அழுத்து அழுத்தினார்.

உட்கார்ந்தார்.

உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். ஆபீஸ் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்ததாம்.

"அரை லிட்டர்தானே! கொடுத்துத் தொலைங்க! கையெழுத்து எங்க போடணும்?"

நின்றபடியே போட்டார். அவர் பக்கத்து ஆட்கள் அவர் முகத்தில் விழிக்காமல் வெளியே போனார்கள். எத்தனையோ வருஷம் சேர்த்த பேர் ஒரு நொடியில் போயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில், நம்ம ஊருக்கு ஒரு கல் தூரம் இருக்கும்போது, டிரைவர் போட்ட பிரேக்கில் கட்டி உடைந்தது. வலி நின்றது. ஒரு மணி நேரம் முந்தி உடைந்திருக்கக்கூடாதா என்று மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுததைக் கண்டக்டர் பார்த்து, "எழவு வீட்டுக்கா பாய்? யாரும் மவுத்தா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா, நான்தான்" என்றாராம் மச்சான்.

வீடு பூட்டிக் கிடந்தது. நேரே வயலுக்குப் போனார். அங்கே லாத்தாவின் ஆறு மாவில் பாதி அறுப்பு முடிந்திருக்கிறது. நல்லக்கண்ணு பெண்சாதி செவ்வந்தி கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"முடிவே இப்பத்தானே ஆச்சு! யாரைக் கேட்டு எறங்குனீங்க?"

"அம்மா காலையிலேயே கூப்பிட்டுட்டாங்களே முதலாளி. அரை லிட்டர் கூடத் தருவாங்க, வந்து அறுங்கன்னு. நீங்க போன பஸ்ஸு திரும்புறதுக்குள்ள எறங்கிட்டோம்."

மச்சான் வரப்பைப் பார்த்தார். நாலு நாளாக அடுப்படிப் பக்கமே வராத நோயாளி, அங்கே சப்பணம் போட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறாங்க.

"வந்துட்டீங்களா?" என்றாங்க லாத்தா. "உட்காருங்க."

உட்கார்ந்தார். சுகமாக உட்கார முடிந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு ராவே மழை கொட்டியதாம், மற்றவர்கள் வயலெல்லாம் தண்ணீர். அல்லா கருணையாளன், ஆறு மாவும் கரையேறிவிட்டது. விஷயம் தனக்கும் லாத்தாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று மச்சான் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். வயசான மனுஷர். அதனால் யாராவது கேட்டால், கட்டி கமருன்னிஸா லாத்தாவுக்கு வந்ததென்றே சொல்லுங்க.