பெரட்டுத் தப்பும் கண்டி அரசரும்

பசறை, தோட்டப் பாடசாலை
1913 ஐப்பசி 12

பதுளையில் கடை நடத்தும் என் மதிப்பிற்குரிய தமையனார் மகாலிங்கம் அவர்கள் சமூகத்திற்குத் தங்கை பரிமளம் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அண்ணியாரும் கதிர்காமக் கந்தன் அருளால் நலமாயிருப்பீர்களாக. நானும் நலமே, என் உத்தியோகம் மட்டும் நலமாயில்லை.

பரிசோதகர் வந்து பிள்ளைகளின் சரித்திர அறிவை மெச்சினாலன்றி என் பணி நிரந்தரமாகாது என்பது தாங்கள் அறிந்ததே. படித்ததை மீட்டுவதற்காகப் பிள்ளைகளை அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளின்படி மேட்டு லயம், பள்ளத்து லயம் என இரண்டு அணி பிரித்து வினாப்போட்டி நடத்திவந்தேன். சரியான விடைக்கு இதுவரை கைதட்டல்தான். நேற்றுப் பரிசோதகர் முன்னிலையில் அது சிறுமையாகத் தோன்றுமென்று எண்ணி, சரியான விடை சொன்னவர் அடிப்பதற்கென்று இராமையா கங்காணியிடம் தப்புப் பறையை இரவல் வாங்கினேன். கண்டியின் கடைசி அரசர் சிறைப்பட்ட ஆண்டை மேட்டு லயத்து இராசையா பிழையறச் சொல்லித் தப்பை எடுத்தான். அவன் அறிந்த அடியோ, விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டு அடி ஒன்றே. அதை முழுவதும் அடித்துத் தீர்த்தான். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நூறு பெண்கள் அரைக் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள்.

"எதுக்குங்க வாத்தியாரம்மா இந்நேரத்துல பெரட்டு?" என்றாள் முன்னால் வந்த கருப்பம்மா.

"கண்டி ராசாவப் புடிச்சிட்டாங்க அத்தே," என்றான் இராசையா.

"எப்படா?"

"தொண்ணூத்தெட்டு வருசமாச்சு."

"இப்பத்தான் சேதி வருதாக்கும்," என்றவள், தன் மகள் வேலாயி இருக்கும் பள்ளத்து லயம் ஒரு புள்ளி பின்தங்கியிருப்பது தெரிந்ததும் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அடுத்ததக் கேளுங்க சாமி. பாத்துட்டுத்தான் மலைக்குப் போவோம்," என்றாள் பரிசோதகரிடம்.

அவ்வேளை பார்த்துத் தோட்டத்துத் துரை குதிரையில் வந்து சேர்ந்தார். உற்சாகம் தலைக்கேறிய பரிசோதகர், அவர் வாய் திறக்குமுன், "விக்டோரியா மகாராணி முடிசூடிய ஆண்டு எது?" என்று அவரையே கேட்டுவிட்டார்.

"முப்பத்தேழு," என்றார் துரை.

"அது பட்டத்துக்கு வந்ததுங்க தொரை," என்று வேலாயி எழுந்தாள். "முடி சூட்டுனது முப்பத்தெட்டு."

பரிசோதகர் தலையசைத்தார். வேலாயி தப்பை வாங்கி அடித்த அடியில் குதிரை துரையோடு திரும்பிப் பங்களாவுக்கே போய்விட்டது.

இனி இவ்விடம் எனக்கு இருப்பில்லை. ஞாயிறன்று மாட்டுவண்டி அனுப்பிவைக்கவும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

தங்கள் கீழ்ப்படிந்த தங்கை,
பரிமளம்

பின்குறிப்பு: வண்டி வேண்டாம். பணி நிரந்தரமாயிற்றென்று துரையிடமிருந்து இப்போதுதான் சீட்டு வந்தது. வெள்ளிதோறும் போட்டியில் தாமும் பள்ளத்து லய அணியில் அமரலாமா என்று கேட்டிருக்கிறார். வேலாயி இன்னும் சம்மதிக்கவில்லை.