ரஸ் சேர்த்து வைத்த ரைஃபிள்

ரைஃபிளின் இரும்புக் கூடு மரக்கட்டைக்குள் உட்கார மாட்டேன் என்றது. ஹார்லன் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினான். உட்கார்ந்தது. ஆனால் திருகு ஓட்டைகள் இரண்டும் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு திசை பார்த்தன.

மான் வேட்டை தொடங்க அதிக நாளில்லை. வசந்தத்தில் காலமான அப்பா ரஸ், கராஜில் ஒரு பெட்டி நிறைய ரைஃபிள் பாகங்களை விட்டுப் போயிருந்தார். வருஷக்கணக்காகச் சேர்த்தும் அந்த ரைஃபிளை அவர் முடிக்கவே இல்லை; கூட்டாளிகளின் மலைக் கேம்ப்புக்கு ஒரு சீசன்கூடப் போனதுமில்லை. அவருக்குப் பதில் அந்த ரைஃபிளாவது போகட்டும் என்று ஹார்லன் கங்கணம் கட்டியிருந்தான்.

"மரத்தைக் கொஞ்சம் சுரண்டினா ஆச்சு."

"அப்படியே உன் மண்டையையும் சுரண்டு," என்றாள் மனைவி லோரெட்டா. கராஜை அவன் பிடித்துக்கொண்டதால் அவள் கார் வெளியே பனியில் நனைந்துகொண்டிருந்தது.

சுரண்டச் சுரண்ட, மரத்தில் ஊறியிருந்த ஆளி எண்ணெய் வாசனை கிளம்பியது. நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு அடுத்த திங்கள், வேட்டை தொடங்கும் நாள். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே லீவு. ஊர் ஆண்கள் எல்லாரும் மலையேறிவிட, அப்பாவும் அவனும் மட்டும் இந்தக் கராஜில், மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கத்தில். மேப்பிள் பாகு ஊற்றிய அப்பம் மடியில். "இந்த வருஷமும் சேரலடா. போகட்டும், அந்த அரத்தை எடு" என்பார் அப்பா. முகத்தில் வருத்தத்தின் சாயலே இருக்காது. என்ன பொறுமை!

ஒருவழியாகக் கூடு நேராக உட்கார்ந்தது. இப்போது குழல் கட்டையில் முட்டியது. மெர்லுடைய துப்பாக்கிக் கடைக்கு ஓடினான்.

"ஒல்லிக் குழல் இருக்கு தம்பி. திரும்பக் கொண்டுவந்தா வாங்க மாட்டேன்."

"அப்பாவோட சிநேகிதர்னு பேரு. விலையைக் குறைங்க மாமா."

"சிநேகிதத்துக்காகத்தான் முகம் பார்த்துப் பேசறேன்."

ஒல்லிக் குழலின் மரை கூட்டோடு சேரவில்லை. கூட்டை மாற்றினான். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடி, குறிபார்க்கும் ஸ்கோப்பில் இடித்தது. ஸ்கோப்பைத் தூக்கி வைத்தான். கொக்கு மாதிரி கழுத்தை நீட்டினால்தான் கண்ணுக்கு ஏதாவது தெரிந்தது.

"மான் உன்னைப் பார்த்துச் சிரிச்சே செத்துடும். தோட்டா மிச்சம்," என்றாள் லோரெட்டா.

கன்னம் எட்டுவதற்காகக் கட்டையின் மேல் ஒரு மரத்துண்டை ஒட்டினான். கன்னம் எட்டியது. ஆனால் துடைப்பதற்காக போல்ட்டை உருவினால், அது அந்த மரத்துண்டில் போய் மாட்டிக்கொண்டது.

மறுபடி மெர்ல் கடை. அவர் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேற கட்டை வாங்கிடு. எல்லாம் கச்சிதமா உக்காரும்."

ஹார்லன் கட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். குழல் மாறியாயிற்று, கூடு மாறியாயிற்று. கட்டையும் போனால் இதில் அப்பா எங்கே இருக்கிறார்? பழைய பாகங்களை எல்லாம் கடை மேஜையில் கொட்டினான்.

"நேராவே கேக்கறேன் மாமா. அத்தனையும் இங்க வாங்கினதுதானே? ஒண்ணுக்கொண்ணு சேராததாப் பொறுக்கி எங்கப்பா தலையில கட்டியிருக்கீங்க. பாவம் மனுஷன், மலையைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துட்டார்!"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விலை அதிகம் என்று திட்டினால் எந்த வியாபாரியும் சிரிப்பான். ஏமாற்றினாய் என்றால் பொறுக்க மாட்டான். மெர்லுக்குக் காது சிவந்துவிட்டது.

"உன்கிட்டச் சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இனிமே முடியாது. நல்லாச் சேர்ற பாகத்தைத்தான்டா நான் எடுத்து நீட்டுவேன். உங்கப்பன் அதைத் தள்ளி வச்சுட்டு, வருஷா வருஷம் இதே இடத்துல நின்னு கேப்பான்: 'பையனுக்கு லீவு வருது மெர்ல். இதுக்குச் சேராததா ஏதாவது இருக்கா?'"