மாப்பிள்ளை அழைப்பும் பெரிய இன்ஜெக்டரும்

சில பேருக்கு வாயில் சனி. எனக்கு லேப்டாப்பில். சும்மா கிடந்த காரை நோண்டி, சொந்தத் தம்பி தினேஷின் கல்யாணத்தையே நடுரோட்டில் நிறுத்தியவள் நான்.

என் பழைய காருக்கு வேகம் போதவில்லை என்று எனக்கு ஒரு குறை. (முகப்பேரிலிருந்து அம்பத்தூர் போக எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரரே கேட்டு ஓய்ந்துவிட்டார்.) இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, பெரிய சைஸ் மாட்டச் சொன்னேன். மாட்டியவர் கள்ளிக்குப்பம் மெக்கானிக் அன்பு.

"யக்கா, குழா பெருசாயிடுச்சு. தொறக்கிற நேரத்த கொறைக்கணும். இல்லாங்காட்டி பெட்ரோல ஊத்திக்கினே இருக்கும்."

அந்த நேரத்தைக் குறைக்க லேப்டாப்பைக் காரோடு இணைத்தால் திரை முழுக்க எண்கள். எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கட்டம் கட்டமாக. பன்னிரண்டு வருஷம் சாஃப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டியவளுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று உட்கார்ந்தேன். ஒரு எழவும் புரியவில்லை. மாற்றினேன், பைபாஸில் விரட்டினேன், மறுபடி மாற்றினேன். நாலாம் நாள் கார் பறந்தது!

"ஐடில் பாத்தியாக்கா? நின்னுகினு இருக்கசொல்ல எப்டி ஓடுது? ஸ்லோவா உருட்டிப் பாத்தியா?" என்றார் அன்பு.

"மெதுவா போறதுக்கா இவ்ளோ பாடுபட்டேன்?" என்றேன். (திமிர்தான், வேறென்ன.)

அடுத்த ஞாயிறு திருவேற்காட்டில் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். தம்பி என் காரில்தான் வருவான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அக்கா, ஏழு மணியோட நல்ல நேரம் முடியுது. அதுக்குள்ள தட்டு மாத்தணும். பொண்ணோட அப்பா ஆவடியில இன்ஜின் ஃபேக்டரி சூப்பர்வைசரா இருந்தவரு. லேட்டானா, பொறுப்பில்லாத குடும்பம்னு முடிவே பண்ணிடுவாரு."

மாப்பிள்ளை ஊர்வலம் எவ்வளவு வேகத்தில் போகும்? நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில். அவர் பத்தடிக்கு ஒருமுறை நின்று வேறு வாசிப்பார். இது என் மரமண்டைக்கு முதல் பத்தடியில்தான் உறைத்தது.

கார் குலுங்கியது. பின்னால் குபுகுபுவென்று கரும்புகை. சீர்த்தட்டோடு வந்த அத்தைகளின் பட்டுப்புடவை ஒரே கறுப்பு. சைலன்சர் டமார் என்று வெடிக்க, கூட்டம் கைதட்டியது. (நாங்கள் வேட்டு போட்டோமாம்.) அதோடு இன்ஜின் அணைந்தது.

லேப்டாப்பைத் தினேஷ் மடியில், மாலைக்கு மேலேயே வைத்துத் தட்டினேன். பெட்ரோலைக் குறைத்தால் அணைந்தது, கூட்டினால் புகைந்தது. எந்தக் கட்டத்தைத் தொட்டேன், எதை விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பெண்ணின் சித்தப்பா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னைக்குமா ஆபீஸ் வேலை?"

"அக்கா, நாதஸ்வரம் தெருமுனை திரும்பிடுச்சுக்கா. மணி ஆறு நாப்பது. நான் இறங்கி நடந்துடறேன்." தினேஷ் அழாத குறை.

"மாப்பிள்ளை நடந்து வந்தா அபசகுனம்டா!" என்று பின்னாலிருந்து கத்தினாள் அத்தை, முகமெல்லாம் கரியோடு.

அப்போது எதிரே பெண்ணின் அப்பாவே வந்தார். தொலைந்தோம் என்று ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவர் சாவியைத் திருப்பச் சொல்லி, இன்ஜின் முக்குவதைக் காதுகொடுத்துக் கேட்டார். புகையை முகர்ந்தார்.

"ஐடில் செட் பண்ணலையாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சரி, நியூட்ரல்ல போடு."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். சித்தப்பாவும் மாமாக்களும் கை கொடுத்தார்கள். வாசலில் நின்று ஆரத்தியோடு வரவேற்க வேண்டிய சம்பந்திகள், மாப்பிள்ளையை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மண்டபம் சேர்ந்தபோது ஏழுக்கு ஐந்து நிமிஷம். தட்டு மாற்றினார்கள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அன்பு பழைய இன்ஜெக்டர்களையே திரும்ப மாட்டிக் கொடுத்தார். (சிரிப்பை அடக்கியதில் அவர் கண்ணில் தண்ணீர்.)

இன்றைக்கும் தினேஷ் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது அவன் மாமனார் அங்கே இருந்தால், வாசலுக்கு வந்து வேட்டியை மடித்துக் கட்டுவார். "தள்ளணுமாம்மா?"

போன மாதம் நான் ஆட்டோவில் போயிருந்தேன். ஆட்டோவுக்குப் பின்னாலும் வந்து நின்றார்.